நல்கையும் வரிசையும்

'நல்கை' என்னும் சொல் இன்று பல்கலைக்கழக அலுவலகங்களில் நாள்தோறும் வழங்குவது. விண்ணப்பம், மதிப்பீடு, தவணை, செலவுக் கணக்கு என்பன அதன் சுற்றத்தார். பழைய நூல்களில் நல்குதல் என்பது கொடுத்தலை மட்டும் குறித்ததன்று. அருளுதல், விரும்பி அளித்தல் என்னும் பொருள்களையும் தழுவி நின்றது. தலைவன் தலைவிக்கு நல்குவதும் மன்னன் பாணனுக்கு நல்குவதும் ஒரே சொல்லாற் கூறப்பட்டன. ஆதலின், கொடுப்பவன் பெறுவானை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லினுள்ளேயே அடங்கிக் கிடந்தது எனலாம். அவ்வறிவு நீங்கியவிடத்து நல்கை என்னவாகும் என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்வினாவை இணையத்தில் நடைபெறும் கட்டற்ற அறிவுப் பணியின்மேல் வைத்து ஆராய்வோம். அப்பணியிற் பெரும்பகுதி இப்போது நம் நூல்களைப் பற்றியது. நம் மாணவர் கைக்கொள்ளும் மூலபாடங்களைப் பற்றியது.

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றிற்று. இவற்றைத் தாங்கி நிற்கும் விக்கிமீடியா அறக்கட்டளையும் அவ்வாண்டே அமெரிக்க நாட்டில் நிறுவப்பெற்றது. கலைக்களஞ்சியத்தோடு அமையாது, அச்சு நூல்களை எழுத்து வடிவிற் படியெடுத்து வைக்கும் விக்கிமூலம் முதலிய உடன்பிறப்புகளும் உண்டு. இவற்றில் எழுதுவோரும் திருத்துவோரும் ஊதியம் பெறாத தன்னார்வலர். அவர்தம் பணிக்கு வேண்டும் சில்லறைச் செலவுகளுக்காக அறக்கட்டளை நல்கைகள் வழங்கி வருகின்றது. அவற்றுள் மிகச் சிறியது விரைவு நல்கை. முன்னர் அதன் மேல்வரம்பு 2,000 அமெரிக்க டாலராக இருந்தது. 2021இல் நல்கை முறைகள் மாற்றியமைக்கப்பட்டபின் 500 முதல் 5,000 டாலர் வரை என வகுக்கப்பட்டது. பயிலரங்கிற்கு ஒரு கூடம், வருவோர்க்கு வழிச்செலவும் உணவும், இணையக் கட்டணம், நூற்பக்கங்களைப் படமெடுக்கும் வருடி ஆகியவையே பெரும்பாலும் கேட்கப்படுவன. விண்ணப்பமும், அதன்மேல் எழும் வினாவிடைகளும், இறுதி அறிக்கையும் யாவரும் காணப் பொதுவில் வைக்கப்படுகின்றன. வேளிர் அவையில் நடந்தது நமக்குப் பாட்டின் வழியே தெரிகின்றது; இங்கோ கணக்கேடே திறந்து கிடக்கின்றது. திறனாய்வுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

இம்முறையின் தலையாய சிறப்பு அது கொடாத ஒன்றில் உள்ளது. கட்டுரை எழுதுதற்குக் கூலி கொடுப்பதில்லை என்பது இந்நல்கைகளின் நெடுநாளைய நெறி. உழைப்பவனுக்கு ஒன்றும் கொடாமல் கூடத்துக்கும் சிற்றுண்டிக்கும் கொடுப்பது என்ன அறம் என்று குறை கூறுவார் உளர். அக்குறையை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. ஆயினும், பணம் பெற்று எழுதுவோன் ஒருவன் புகுந்த இடத்தில் பணம் பெறாது எழுதும் பதின்மர் கை தளர்வர் என்பது எண்ணிப் பார்ப்பார்க்குப் புலனாகும். தன்னார்வலன் தன்பால் உள்ள கல்வியையும் பொழுதையும் தருகின்றான். அவன்பால் இல்லாத கருவியையும் வழிச்செலவையும் நல்கை தருகின்றது. இப்பகுப்பு நேரிது.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கு இது புதிதுமன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, நூலை வாங்குவதாகக் கையொப்பம் இடுவாரைத் தேடியும் அன்பர் சிலரது உதவியைப் பெற்றுமே அச்சுச் செலவை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. ஏடு தேடிய உழைப்புக்கும் பாடம் ஒப்பிட்ட உழைப்புக்கும் எவரும் கூலி அளந்தாரல்லர். கும்பகோணம் கல்லூரியில் அவர் பெற்ற ஆசிரியச் சம்பளம் அவ்வுழைப்பைத் தாங்கிற்று என்பதையும் உடன்கூறுதல் முறை. ஊதியமில்லாப் பணியின் பின்னே எங்கேனும் ஓர் ஊதியம் மறைந்து நிற்கின்றது. அது வாய்க்காதவர் தன்னார்வலராதல் அரிது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தால் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முன்னதில் ஒரு புலவரும் ஒரு வள்ளலும். பின்னதில் ஒரு கழகமும் பல துறை அறிஞரும். விக்கிப்பீடியாவில் புலவரும் பலர், வள்ளலாரும் உலகெங்கும் சிறு தொகை அளிக்கும் பலர். ஆனால் இடையில் நின்று வழங்குவோன் தமிழறியான். முந்தைய இரண்டுக்கும் இல்லாத நிலை இது.

தமிழறியாத ஒருவன் தமிழ்ப் பணியின் பயனை எவ்வாறு அறிவான்? எண்ணித்தான் அறிதல் கூடும். 2014 அளவில் அறக்கட்டளை, நல்கை பெற்றோர் யாவரும் தம் அறிக்கையிற் காட்டவேண்டிய பொது அளவைகள் சிலவற்றை வகுத்தது. ஊக்கமுடன் தொகுத்தோர் எத்துணையர், புதிதாய்ப் பதிந்தோர் எத்துணையர், கலந்துகொண்டோர் எத்துணையர், படங்கள் எத்துணை, கட்டுரைகள் எத்துணை என்பவற்றோடு, சேர்த்ததும் நீக்கியதும் ஆகிய பைட்டுகள் எத்துணை என்பதும் அவற்றுள் ஒன்று. பின்னர் அப்பட்டியல் சுருக்கப்பட்டு, கலந்துகொண்டோர், புதிதாய்ப் பதிந்தோர், படைக்கப்பட்ட அல்லது செப்பனிடப்பட்ட பக்கங்கள் என மூன்றளவில் நின்றது. பைட்டுக் கணக்கு அப்பொதுப் பட்டியலினின்று நீங்கியது உண்மை. ஆயினும் அதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். எண்ணும் பழக்கத்தின் இயல்பு அதில்தான் தெளிவாய் வெளிப்படுகின்றது.

பைட்டு என்பது கணிப்பொறி நினைவகத்தின் சிற்றலகு. இணையத்தில் இன்று பெரிதும் வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. 'அம்மா' என்பது நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. கணிப்பொறி அதனை அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறியாகக் கொண்டு 15 பைட்டில் வைக்கின்றது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் 5 பைட்டிலே அடங்கும். எனவே பைட்டால் அளந்தால், ஒரே அளவு எழுதிய தமிழன் ஆங்கிலேயனைவிட ஏறக்குறைய மும்மடங்கு உழைத்தவன் ஆகின்றான்! இவ்வளவை நமக்கு ஊதியமாயிற்று என மகிழ்வதற்கில்லை. அதன் மறுபக்கத்தைக் காண்க.

ஆய்வு மாணவர் ஒருவர், தாம் எடுத்துக்கொண்ட பழைய நூலில் 'பௌவம்' என்னும் சொல் ஆளப்படவில்லை என்று எழுதிக் கொணர்ந்தார். அச்சுப் பதிப்பில் அச்சொல் இருப்பதை யான் அறிவேன். எங்ஙனம் இக்கருத்துக்கு வந்தீர் என்று வினவினேன். மின்பதிப்பிற் சொற்றேடல் செய்ததாகக் கூறினார். கோப்பைத் திறந்து பார்த்தபோது செய்தி விளங்கிற்று. தட்டெழுதியவர் ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக்கொம்பை இட்டு அதன்பின் ளகரத்தைச் சேர்த்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு அது 'பெளவம்' என்னும் நான்கெழுத்துச் சொல். மாணவர் மேற் குற்றமில்லை என்று கூறமாட்டேன்; அச்சு நூலைப் புரட்டாமல் 'இல்லை' என்று எழுதுதல் ஆராய்ச்சியன்று. ஆனால் இன்று எத்துணை ஆய்வேடுகள் இவ்வாறு 'இல்லை' என்று எழுதப்படுகின்றன என்பதை நினைக்க அச்சம் உண்டாகின்றது.

அப்பிழையைத் திருத்தினால் சொல் 18 பைட்டிலிருந்து 15 பைட்டாகக் குறையும். மூன்று பைட்டு நீக்கம். அவ்வளவே கணக்கில் ஏறும். 'பணி' என்று நின்றதைப் 'பனி' என்று மாற்றினால் நிகர மாற்றம் ஒன்றுமேயில்லை. நூல் முழுவதையும் எழுத்தெண்ணிப் படித்து நூறு இடங்களிற் புள்ளி இட்டவன் 300 பைட்டு சேர்த்தவன். பயனற்ற ஒரு நெடுந்தொடரை எழுதிச் சேர்த்தவனும் 300 பைட்டு சேர்த்தவனே. பக்கக் கணக்கு இதனினும் மேலானதா எனின், ஓரளவு மேலானதே. ஆயினும் ஒரு காற்புள்ளியை மாற்றிய பக்கமும் செப்பனிட்ட பக்கம். பாடம் முழுதும் ஒப்புநோக்கிய பக்கமும் செப்பனிட்ட பக்கம். அளவுகோல் வேறாயிற்று, குருடு நீங்கவில்லை.

விக்கிமூலத்தின் நிலையை நோக்கினால் இதன் கேடு புலப்படும். பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் பெற்று, பின்னர் அவற்றைப் பொதுவாக்கியது முதல், எழுத்தாளர் பலரது நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. மரபுரிமையாளர்க்கு அரசு ஒருமுறை தொகை கொடுத்துவிட்டால் நூல் யாவர்க்கும் உரியதாகின்றது. வேறு மொழியாளர் நம்மைக் கண்டு பொறாமை கொள்ளத்தக்க ஏற்பாடு இது. இந்நூல்களுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியால் 2016 அளவில் தமிழ் விக்கிமூலத்திற்கு வந்து சேர்ந்தன. பக்கங்களின் படம் ஒருபுறம். எழுத்துணரி என்னும் பொறி படத்தைப் படித்துத் தந்த எழுத்து மறுபுறம்.

அப்பொறி எவ்வாறு படிக்கின்றது என்பது பதிப்பாசிரியர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. இம்மூன்றிடத்தும் தடுமாறித்தான் சென்ற நூற்றாண்டின் முன்னைய பதிப்பாசிரியர் பாடம் துணிந்தனர். இப்பொறி மங்கிய அச்சைப் படிக்கும்போது புள்ளியை விடுகின்றது. கொம்பின் சுழியைக் காணாது நெடிலைக் குறிலாக்குகின்றது. காலை ரகரமாக்கிப் 'பொருள்' என்பதைப் 'பெரருள்' என்கின்றது. வீரமாமுனிவரும் அச்சுக்கலையும் தெளிவாக்கிய எழுத்தைப் பொறி மீண்டும் ஓலைக்காலத்துக்கே கொண்டு செல்கின்றது! 1978இன் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் வரும் பழைய ணா, றா, னா, லை, ளை முதலிய வடிவங்கள் தனித் தொல்லை. சுவடிப் பதிப்புக்குப் பயின்ற கண்ணும் மொழியறிவும் எவையோ, அவையே இப்பொறியெழுத்தைத் திருத்துதற்கும் வேண்டும். விரல் விரைவு மட்டும் போதாது.

விக்கிமூலத்தார் இதனை உணர்ந்தே ஒரு முறை வகுத்துள்ளனர். திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள். வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பக்கம் பச்சை. முதலில் திருத்தியவரே பச்சை ஆக்குதல் இயலாது. படம் பக்கத்தே நிற்பதால், எப்பதிப்பைப் படியெடுத்தனர் என்னும் ஐயத்துக்கும் இடமில்லை. நம் அச்சு நூல்களிற் பலவற்றுக்கு இத்தகைய காவல் இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1998 பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வகையாற் காவல் செய்தது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைப் பொறித்து, அத்தலைப்பை நீக்காமற் பரப்புக என்று நிபந்தனை வைத்தது. ஏடு உதவினோர் பெயரையெல்லாம் ஐயர் தம் பதிப்புகளில் நிரல்படத் தந்த மரபின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம். அத்தலைப்பு இல்லாத படிகள் இன்று இணையமெங்கும் உலவுகின்றன. அவற்றையே நம் மாணவர் மேற்கோளாகக் காட்டுகின்றனர்.

ஈழத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தை இங்குக் குறியாது விடலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அந்நினைவோடு வேலை செய்வோர்க்குப் படம் எடுத்துக் காத்தலே முதற்கடன். அங்குப் பக்கங்களை எண்ணுதல் பொருந்தும். ஒவ்வொரு பக்கமும் தீயினின்று மீட்டதற்கு ஒப்பாகும். ஆகவே எண்ணிக்கை எங்கும் தவறு என்பது என் கருத்தன்று. காத்தலுக்கு ஏற்ற அளவுகோலைத் திருத்தலுக்கும் கொள்ளுதலே தவறு.

மெய்ப்பையே பொருளாகக் கொண்ட போட்டிகளும் நடந்துள்ளன. இந்திய மொழி விக்கிமூலங்களுக்காக 2020இல் அவ்வாறு நடத்தப்பட்டது. சிவப்பை மஞ்சளாக்க அது பேருதவி செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் போட்டிக்கு நாள் உண்டு, பரிசு உண்டு, விரைவு உண்டு. மெய்ப்புக்கு வேண்டுவது மந்தம். ஒரு சொல்லின்முன் நின்று, 'இது ஆசிரியர் ஆட்சியா, அச்சுப் பிழையா, பொறியின் பிழையா?' என்று கால்மணி நேரம் எண்ணுபவன் போட்டியில் தோற்பான்.

புறநானூற்றின் 121ஆம் பாட்டிற் கபிலர், மலையமான் திருமுடிக்காரியின் கொடையிற் குறை காணவில்லை. அவனது பார்வையிற் குறை காண்கின்றார். வந்தோர் அனைவரையும் ஒரு படித்தாக நோக்காதே, அவரவர் தகுதியை அளந்தறி என்பது அவர் வேண்டுகோள். அவ்வளந்தறிதலையே பழையோர் வரிசையறிதல் என்றனர். 208ஆம் பாட்டின் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏற்கவில்லை. தம் தகுதி அறிந்து தருவதாயின் மிகச் சிறிதும் தமக்குப் போதும் என்கின்றார். சிறு நல்கைக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் தேடினும் கிடையாது. சிறிதாயிருத்தல் அதன் குறையன்று. காணாது அனுப்புதலே குறை.

காணுதற்குரியவர் யார்? கடல் கடந்த அறக்கட்டளை தமிழ் கற்றுக்கொண்டு வந்து பெரரருளையும் பேரருளையும் வேறுபடுத்த வேண்டும் என்று கேட்பது நியாயமன்று. விண்ணப்பங்கள் பொதுவில் கிடக்கின்றன. கருத்துரைக்க யாவர்க்கும் உரிமை உண்டு. யான் கண்ட அளவில், அங்குத் தமிழ்த்துறையினர் குரல் கேட்பது அரிது. பொறியாளரும் பள்ளி ஆசிரியரும் இல்லத்தரசியரும் ஓய்வுபெற்றோரும் செய்து வைத்ததைப் பயன்கொண்டு, பின் அதிற் பிழை மலிந்தது என்று வகுப்பறையிற் குறைகூறுகின்றோம். அவர்களோ நம் குறைகூறலைக்கூடக் கேட்கப்பெறவில்லை. வரிசையறிதல் நம் கடன்; அதனை நாம் செய்யாததால், எண்ணறிந்தவர் எண்ணைக் கொண்டு செய்கின்றனர்.

ஒரு நூலை வைத்துச் சொல்வேன். 300 பக்கமுள்ள உரைநூல் ஒன்றைத் திருத்த ஒரு குழு நல்கை கேட்கின்றது என்க. எத்துணைப் பேர் கூடுவர் என்று கேட்பதற்கு முன், எப்பதிப்பு, அதனைத் தெரிந்தது ஏன் என்று கேட்டல் வேண்டும். இறுதி அறிக்கையில் மஞ்சளும் பச்சையும் தனித்தனியே காட்டப்படல் வேண்டும். பச்சைக்கே மதிப்பு மிகுதியாதல் வேண்டும். பச்சையான பக்கங்களுள் இருபதை ஒரு தமிழ்த்துறை எடுத்துப் படித்து, கண்ட பிழைகளைப் பெயரிட்டு வெளியிடுதல் வேண்டும். முதுகலை வகுப்பிற் பதிப்பியல் பயில்வோர்க்கு இதனினும் நல்ல பயிற்சி இல்லை. கேட்ட தொகையில் ஒரு பகுதியை, ஐயம் தீர்க்க மூலநூல் உள்ள நூலகத்துக்கு ஒருவர் சென்றுவரும் வழிச்செலவுக்கு ஒதுக்கலாம். கூடத்து வாடகையை அதற்காகக் குறைத்தாலும் தாழ்வில்லை.

இன்னுமொன்று. பழைய அச்சு நூல்களின் கடைசியிற் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்கும். அச்சான பின் ஆசிரியர் தாமே கண்டு வருந்திச் சேர்த்தது அது. விக்கிமூல மரபு அச்சில் உள்ளதை உள்ளவாறே தருவதாதலின், அப்பக்கமும் ஏனைய பக்கங்களோடு ஒன்றாகப் படியெடுக்கப்பட்டுப் பச்சை பெறுகின்றது. அதிற் சொல்லிய பிழைகளோ நூலினுள் அவ்வாறே கிடந்து, அவையும் பச்சை பெறுகின்றன. உள்ளதை மாற்றாமலே உரிய இடத்தில் ஆசிரியர் திருத்தத்தை ஒரு குறிப்பால் இணைக்கலாம். அதற்கு ஒருவர் அக்கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நூல் முழுவதும் திரும்பிச் செல்ல வேண்டும். அவ்வாறு திரும்பிச் சென்றவர் சிலரை யான் அறிவேன். எந்த அறிக்கையிலும் அவர்களுக்கென ஒரு கட்டம் இல்லை.